பாராமகால் கோட்டைகளை மிதிவண்டியில் பார்க்க நான்கு நாள் போதுமா?

சென்னையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வயது 48. கல்லூரியில் படிக்கும் மகளும் உடன் வருகிறார். இருவரிடமும் கியர் சைக்கிள் இருக்கிறது. ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கம். ரைன் ஆற்றங்கரையில் ஊருக்கு ஒரு கோட்டையைப் பார்த்துக்கொண்டே மிதிவண்டியில் போகிறவர்களின் படங்களைப் பார்த்ததிலிருந்து, அதுபோல் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பாராமகாலின் பன்னிரண்டு கோட்டைகளையும் நான்கு நாளில், நாளுக்கு 80 கிலோமீட்டர் வீதம் சுற்றிவர முடியுமா என்று கேட்கிறீர்கள். ஓசூர், தளி, அஞ்செட்டி, ஒகேனக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று வழியும் போட்டு வைத்திருக்கிறீர்கள். குளிர்காலத்தில் வர நினைக்கிறீர்கள்; பழமையான கிராமங்களையும் பார்க்க வேண்டும் என்கிறீர்கள்.

சமதரையில் 60 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு 80 எட்டாத தொலைவு அன்று. ஓட்டிக் களைத்த கால்களோடு அதே நாளில் செங்குத்தான பாறையில் ஒரு மணி நேரம் ஏறி, இறங்கி, மறுபடியும் பெடலை மிதிக்க உடம்பும் பொழுதும் இடம் கொடுக்குமா என்பதுதான் உங்கள் கேள்வியின் உட்பொருள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இந்தப் பகுதி அரசுப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். கால் நூற்றாண்டுக்கு மேலாக விடுமுறை நாள்களில் இந்தக் கோட்டைகளுக்கு மிதிவண்டியில்தான் போய் வருகிறேன். பல முறை மாணவர்களையும் அழைத்துச் சென்றிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நான்கு நாளில் பன்னிரண்டு வேண்டாம், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, அதியமான்கோட்டை ஆகிய மூன்று போதும். நாளுக்கு 80 என்பதைச் சராசரி 40 ஆக்கிக்கொள்ளுங்கள். வழியையும் மாற்ற வேண்டும். அதற்கான காரணங்கள் தூரத்தைவிட முக்கியமானவை.

ரைன் படங்களிலிருந்தே தொடங்குகிறேன். ஜெர்மனியில் பிங்கன், கோப்ளன்ஸ் என்ற ஊர்களுக்கு இடைப்பட்ட, ஏறக்குறைய 65 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே கோட்டைகள் ஆற்றைப் பார்த்து நிற்கின்றன. கப்பல்களிடம் சுங்கம் வாங்குவதற்காக எழுந்தவை அவற்றில் பல. சாலை ஆற்றங்கரையோடு ஓடுவதால் ஓட்டுகிறவருக்குப் பெரிய ஏற்றம் இல்லை. கோட்டைகள் தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். நம்முடைய கோட்டைகள் காவல் காத்தது கணவாயை. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கீழே இறங்கும் வழிகளைப் பார்த்தபடி தனித்தனிப் பாறைக் குன்றுகளின் உச்சியில் அவை இருக்கின்றன. பிரபுக்கள் குடும்பத்தோடு வாழ்ந்த மாளிகைகளும் அல்ல. படை தங்குமிடம், தானியக் கிடங்கு, வெடிமருந்து வைக்கும் அறை, மழைநீர் தேங்கும் சுனை, இவற்றைச் சுற்றி மதில், இவ்வளவுதான். அதனால் சாலையிலிருந்து பார்த்தால் வெறும் குன்றுதான் தெரியும், ஏறினால்தான் கோட்டை. மிதிவண்டி உங்களை அடிவாரம் வரைதான் கொண்டுபோய் விடும்.

பன்னிரண்டு என்ற எண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பாரா என்றால் பன்னிரண்டு. இந்த நிலப்பகுதிக்குப் பாராமகால் என்ற பெயர் இருந்ததும், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் இதை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்ததும், அலெக்சாண்டர் ரீட் இங்கே ஆட்சியராகவும் தாமஸ் மன்றோ அவருக்குத் துணையாகவும் பணியாற்றி, உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடிப்படை போட்டதும் உறுதியான செய்திகள். அந்தப் பன்னிரண்டு எவை என்பதில்தான் ஐயம். கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி போன்ற பெயர்கள் பட்டியல்களில் அடிபடுகின்றன; ஆனால் பட்டியலுக்குப் பட்டியல் சில பெயர்கள் மாறுகின்றன. மகால் என்பதை அரண்மனை என்று பொருள் கொள்வோர் உண்டு; வருவாய்ப் பிரிவு என்ற பொருளே பொருத்தமானது என்பது என் கருத்து. எப்படி ஆனாலும் திருப்பத்தூரும் வாணியம்பாடியும் இன்று வேறு மாவட்டத்தில் இருக்கின்றன. எண்ணிக்கையை நிறைவு செய்ய அலைந்தால் நாள்கள் நெடுஞ்சாலையிலேயே போய்விடும்.

இனி, எந்தத் திசையில் ஓட்டுவது என்பது. பழைய சேலம் மாவட்டத்தை மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி மூன்று படிகளாகப் பிரித்துப் பேசுவார்கள்: ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாலாகாட், அதற்குக் கீழே கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகால், அதற்கும் கீழே சேலத்தைச் சுற்றிய தலகாட். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர், கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர். இந்த 400 மீட்டர் இறக்கம் வரைபடத்தில் கண்ணுக்குப் படாது. மிதிவண்டியில் கால்கள் அறியும். ஹைதர் அலியின் குதிரைப்படை இந்தச் சரிவில்தான் இறங்கி வந்தது. 1767 இல் காவேரிப்பட்டணத்தைப் பிடித்ததும் இப்படி இறங்கித்தான். ஆகையால் ஓசூரில் தொடங்கித் தருமபுரியில் முடியுங்கள். கால்களுக்கு எளிது என்பது ஒரு பக்கம். எந்தக் கோட்டை எதற்காக எந்த இடத்தில் நிற்கிறது என்பது அந்த வரிசையில் வந்தால் தானாகவே விளங்கும்.

முதல் நாள் விடிந்ததும் ஓசூரிலிருந்து புறப்படுங்கள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 இல் பிறந்த ராஜாஜியின் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. காலையில் திறந்திருக்காது என்றாலும் அந்த ஊரின் தெருவைப் பார்த்துவிட்டுப் போகலாம். பிறகு உத்தனப்பள்ளி வழியாக ராயக்கோட்டை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வழி நெடுக ராகியும் தக்காளியும் ரோஜாவும்; தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே டீக்கடையில் கேட்கும். ஓசூரையும் ராயக்கோட்டையையும் தருமபுரியையும் இணைக்கும் புதிய தேசிய நெடுஞ்சாலையில் வண்டிகளின் வேகம் அதிகம். பழைய சாலை கிடைக்கும் இடங்களில் எல்லாம் அதில் இறங்கிவிடுங்கள். பாரம் கட்டிய மிதிவண்டிக்கு மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் ஒன்பது மணிக்குள் ராயக்கோட்டை அடிவாரத்தில் இருப்பீர்கள்.

இந்த மூன்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ராயக்கோட்டை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை இது. சைக்கிள்களை அடிவாரத்துக் கடையில் கேட்டு, இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டு ஏறுங்கள். பணம், கைப்பேசி, தண்ணீர் மூன்றும் முதுகுப் பையில் இருக்கட்டும். தொடக்கத்தில் ஊரோடு ஒட்டிய பாதை, பிறகு கற்படிகள், அதற்கு மேல் மதில்களினூடே வளைந்து போகும் வழி. வழி ஏன் நேராகப் போகவில்லை என்பதை மகளிடம் கேளுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஏறி வருகிறவரின் பக்கவாட்டு மேலே நிற்கும் காவலனுக்குக் காட்டப்படுகிறது. மாணவர்களை அழைத்துப் போனபோதெல்லாம் ஒருவனை மேலே நிறுத்திவிட்டு மற்றவர்களை ஏறி வரச் சொல்வேன்; தான் கண்ணில் படாமல் ஒருவரும் வர முடியாது என்று அவன் கத்திச் சொல்லும்போது, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தும் புரியாதது அவர்களுக்குப் புரிந்திருக்கும். உச்சியில் நின்று மேற்கே திரும்பினால் நீங்கள் ஓட்டி வந்த மேட்டு நிலம். கிழக்கே பாராமகால் பள்ளம், அதில் ஆங்காங்கே முளைத்தாற்போல் பாறைக் குன்றுகள். 1791 ஜூலையில் ஆங்கிலேயத் தளபதி கௌடி இந்தக் கோட்டையைக் கைப்பற்றியதற்கு ஏன் அவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை அந்த இடத்தில் யாரும் விளக்க வேண்டியதில்லை. மைசூருக்கு எதிராகப் படையும் அரிசியும் மேலே ஏற வேண்டிய வழி அந்தக் காலடியில்தான் போகிறது.

சாப்பிட்டு, வெயில் தணிய மூன்று மணி வரை ஓய்வெடுத்துக் கிருஷ்ணகிரிக்குப் புறப்படலாம். இன்னும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இறக்கம் மிகுதி, இடையிடையே சிறு ஏற்றங்கள் உண்டு. ஓட்டுகிறவர்கள் ஏற்றத்தைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். நான் பார்த்த விபத்துகள் பெரும்பாலும் இறக்கத்தில் நடந்தவை. என் அண்ணன் மகன் ஒருமுறை ஒகேனக்கல் மலைப்பாதையில் முன் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினான். ரப்பர் கட்டைகள் உரசி விளிம்பு சூடேற, உள்ளே காற்று விரிந்து, பட்டாசு போல் டியூப் வெடித்தது. விழுந்தான்; தோல் கிழிந்ததோடு போயிற்று. சக்கரத்தைத் தொட்ட என் விரல் நுனியில் கொப்புளம் எழுந்தது. விளிம்பைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடியுங்கள். நீண்ட இறக்கத்தில் நடுவே நிறுத்திச் சக்கரம் ஆற விடுங்கள். டிஸ்க் பிரேக்குக்கும் அந்த ஓய்வு நல்லதே.

இரண்டாம் நாள் கிருஷ்ணகிரிக் கோட்டை. ஊரார் சையத் பாஷா மலை என்பார்கள். மேலே தர்கா இருக்கிறது. சூரியன் எழும்போது ஏறத் தொடங்க வேண்டும். வெயில் ஏறிய பின் பாறையில் உள்ளங்கையை வைத்தால் சுட்டுவிடும், அதன் பிறகு ஏறுவது வீண் துன்பம். ஏறும் முன்பு அடிவாரத்துப் பழையபேட்டையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். நீங்கள் தேடும் பழமையான கிராமம் என்பது நம் பக்கத்தில் பேட்டையாகத்தான் இருக்கும்: மேலே கோட்டை, அதன் நிழலில் படைக்கு வேண்டிய தானியமும் துணியும் இரும்பும் விற்றவர்களின் குடியிருப்பு. போரில் முதலில் விழுந்ததும் அவர்கள்தான். 1768 இல் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டு, உள்ளே போக்குவரத்தை அடைத்துத்தான் பணிய வைத்தார்கள். 1791 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல் நேரடியாகத் தாக்கியபோது பேட்டையும் கீழ்க்கோட்டையும் கைக்கு வந்தன, மேல்கோட்டை வரவில்லை. மேலிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டே படையைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சரிவில் பாதி தூரம் ஏறி, மூச்சு வாங்க நின்று, மேலே அண்ணாந்து பார்க்கும்போது இந்தச் செய்தி வேறுவிதமாக மனத்தில் இறங்கும்.

மேலே இருக்கும் சுனை நீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டு போங்கள். பாறை இடுக்குகளில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கலாம். வாசனைத் தைலம் வேண்டாம், புகை வேண்டாம், கூச்சல் வேண்டாம். மழைக்குப் பின் பாசி படிந்த பாறையில் ஏறவே கூடாது, இடி மின்னல் தெரிந்தால் உடனே இறங்கிவிட வேண்டும். பிற்பகலில் அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்கலாம். ஆநிரை மீட்டு இறந்த வீரர்களுக்கு ஊரார் எழுப்பிய கற்கள் இந்த இரு மாவட்டங்களிலும் ஏராளம், வயல் வரப்பிலும் கிடக்கும். மாலையில் பாரமில்லாமல் கிருஷ்ணகிரி அணை வரை போய் வரலாம். 1950களின் இறுதியில் தென்பெண்ணைக்குக் குறுக்கே கட்டப்பட்ட அணை அது. கால்களில் வலு மிச்சமிருந்தால் அணைக்குப் பதில் மகாராஜகடைப் பக்கம் போகலாம், அடிவாரம் வரை மட்டும்.

மூன்றாம் நாள் கோட்டை கிடையாது, ஓட்டம் மட்டும். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் 45 கிலோமீட்டர்தான். ஆனால் லாரிகளுக்கிடையே மகளோடு ஓட்டும் சாலை அது அன்று. காவேரிப்பட்டணம் வரை இணைப்புச் சாலையில் வந்து, அங்கிருந்து பாலக்கோடு, பிறகு தருமபுரி என்று போங்கள். சில கிலோமீட்டர் கூடும். மாந்தோப்புகளுக்கு நடுவே போவீர்கள். தை, மாசியில் பூவின் மணம். வைகாசியில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போவதைப் பார்க்கலாம். இந்தப் பாதையில் நெருஞ்சி முள்தான் எதிரி. நிழலுக்காகச் சைக்கிளைத் தரிசு நிலத்தில் உருட்டிக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் நிறுத்தி, ஒரே பிற்பகலில் மூன்று முறை பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். நிறுத்தும்போது தார்ச்சாலை ஓரத்திலேயே நிறுத்துங்கள். வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போங்கள். மாற்று டியூப் ஆளுக்கு இரண்டு, ஒட்டும் பொருள்கள், பம்பு, செயின் இணைப்பு ஒன்று கட்டாயம். ஊர்க் கடைகளில் பஞ்சர் ஒட்டுவார்கள். கியர் சைக்கிளின் டயர் அளவும் ஒல்லி வால்வும் கிடைப்பது அரிது.

நான்காம் நாள் தருமபுரியிலிருந்து சேலம் சாலையில் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அதியமான்கோட்டை. தருமபுரியின் பழைய பெயர் தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த நெடுமான் அஞ்சியின் ஊர், புறநானூறு அதற்குச் சான்று. இன்று அங்கே காணும் மண்கோட்டைச் சுவடுகள் சங்க காலத்து அஞ்சி எழுப்பியவைதாம் என்று உறுதியாகச் சொல்ல இடமில்லை. நிற்கும் கோயில்கள் பிற்காலத்தவை. சென்றாயப் பெருமாள் கோயிலின் மேற்கூரை ஓவியங்களை நிதானமாகப் பாருங்கள், கழுத்து வலித்தாலும். பாறை ஏறும் கோட்டை இல்லை என்பதால் களைத்த கால்களுக்கு இது ஏற்ற முடிவு. அதற்குமேல் தெற்கே போகாதீர்கள். தொப்பூர் கணவாய் இறக்கம் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளால் பல உயிர்களைப் பறித்த இடம்.

உங்கள் திட்டத்தில் நான் அறவே வேண்டாம் என்று சொல்வது தளி, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையை. அழகில் அதற்கு இணை இந்தப் பக்கம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது யானைகளின் நாடு. இங்குள்ள காடுகளின் ஒரு பகுதி 2014 இல் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாகவும், மற்றொரு பகுதி 2022 இல் காவேரி தெற்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. ஐப்பசிக்குப் பின் ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியே ஓசூர் வரை வருகின்றன. நீங்கள் வர நினைக்கும் அதே குளிர்காலம்தான். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு மாலை நான் தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது, பரண் மேலிருந்த பெரியவர் ஒருவர், "சார், இதுக்கு மேல போவாதீங்க, இப்பத்தான் ரோட்ட தாண்டுச்சு" என்று குரல் கொடுத்தார். சைக்கிளை நிறுத்திய இடத்தில் சாணம் கிடந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கார் கதவை அடைத்துக்கொள்ளலாம். பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டு வரும். மிதிவண்டி சத்தமே இல்லாமல் யானைக்கு முன்னால் போய் நிற்கும். ஏற்றத்தில் திரும்பித் தப்பவும் முடியாது. அன்றே திரும்பினேன், அதன்பின் அந்தச் சாலையில் பேருந்தில் மட்டுமே போகிறேன்.

ஒகேனக்கல் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஐந்தாம் நாள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகப் போங்கள், 46 கிலோமீட்டர். பென்னாகரத்துக்குப் பிறகு காட்டினூடே மலை இறக்கம். பகலில் போக்குவரத்து இருக்கும் வேளையில் மட்டும் இறங்க வேண்டும். மறுநாள் அதே சரிவில் ஏறித் திரும்ப வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உங்கள் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் மருத்துவன் அல்லன். எலும்பு மருத்துவரைக் கேட்டுவிட்டே புறப்படுங்கள். ஓட்டுகிறவனாகச் சொல்லக்கூடியது, சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கி நோகும் என்பதும், ஏற்றத்தில் முன்பக்கப் பெரிய பல்சக்கரத்தை முரட்டுத்தனமாக மிதிக்காமல் சிறியதற்கு மாறி விரைவாக மிதிக்க வேண்டும் என்பதும்தான். புறப்படும் முன் பாரத்தோடு ஒருமுறை செஞ்சிக்குப் போய், ஓட்டிவிட்டு அன்றே ராஜகிரி ஏறிப் பாருங்கள். மறுநாள் காலை முழங்கால் என்ன சொல்கிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம். காலம் மார்கழி பாதியிலிருந்து மாசி வரை நல்லது. ஓசூரில் அதிகாலைப் பனிமூட்டம் இருக்கும். பின்விளக்கு எரிய விடுங்கள். தங்குவதற்குக் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் குடும்பத்தோடு தங்கும் விடுதிகள் உண்டு. சைக்கிளை அறைக்குள் வைக்க விடுவார்களா என்று முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓசூர் வரை ஆம்னி பேருந்தின் அடிப்பெட்டியில், முன் சக்கரத்தைக் கழற்றிப் போர்வை சுற்றி வைத்துக் கொண்டுவரலாம். ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி நான்கும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. கிருஷ்ணகிரி நகரில் மட்டும் நிலையம் இல்லை. நடுவழியில் உடம்புக்கு முடியாமல் போனால் அருகிலிருக்கும் நிலையத்தில் சைக்கிளைச் சரக்காகப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். எல்லா வண்டியிலும் எல்லா நிலையத்திலும் ஏற்ற மாட்டார்கள் என்பதால், திரும்பும் நாளுக்குத் தருமபுரி நிலையத்தில் முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.